வாட்டம்

பத்தடிக்கு ஆறங்குலம் வாட்டம்.
சுவரைவிட்டுப் பத்தடி போவதற்குள்
மண் அவ்வளவு இறங்கியிருக்க வேண்டும்.
இதுதான் நான் விற்கும் சரக்கு.
மற்றதெல்லாம் டீசல்.

மேரியன் குபியாக் கதவைத் திறந்ததும்
வணக்கம்கூடச் சொல்லாமல்
நிலவறைக்கு அழைத்துப் போனார்.
சுவரில் பழுப்புக் கோடு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே.
வருமான வரிக் காகிதங்கள் ஊறி
ரொட்டிபோல் உப்பிக் கிடந்தன.
மூலையில் பம்பு இருமிக்கொண்டிருந்தது.
"இது மூன்றாவது. முதல் இரண்டும் செத்துப்போயின."

வெளியே வந்து முக்காலியில் லேசரை நிறுத்தினேன்.
ஓஹையோவின் இந்தப் பக்கத்துக் களிமண்
தண்ணீரைக் குடிக்காது,
மாத்திரையை விழுங்காமல்
வாயிலேயே வைத்திருக்கும் பிள்ளை மாதிரி.
புல் அளவாக வெட்டியிருந்தது, அழகுதான்.
கண்ணுக்கு மட்டம்.
கருவி வேறு சொன்னது:
மொத்தப் புல்வெளியும் மூன்றங்குலம்
வீட்டைப் பார்த்தே சாய்ந்திருக்கிறது.
நாற்பது வருட மழையும்
பத்திரிகை வைத்து அழைத்ததுபோல உள்ளே போயிருக்கிறது.

லாரியின் பானெட்டில் வைத்துக் கணக்கெழுதினேன்.
புல்லை உரிக்க, களிமண் பதினெட்டு யார்டு,
சின்னப் பொக்லைன் ஒன்றரை நாள்,
அதன்மேல் மேல்மண், மறுபடியும் புல்.
நாலாயிரத்து இருநூறு டாலர்.

"பாதி செய்தால்?"

எல்லோரும் கேட்பதுதான்.
பாதிச் சுவருக்கு வெள்ளையடிக்கலாம்,
பாதிப் பல்லைப் பிடுங்க முடியாது.
தண்ணீருக்குத் தவணை தெரியாது.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு டெல்ரே ஹாக்கின்ஸ்
காபிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒரே ஒரு கேள்வி:
"இங்கிருந்து எங்கே அனுப்பப் போகிறீர்கள்?"
நியாயம். இவர் மேடானால் அவர் பள்ளம்.
ஓரமாக வாய்க்கால் வெட்டி
தெருச் சாக்கடைவரை குழாய் போட
இன்னும் ஆயிரத்து நூறு என்றேன்.
அதைக் கேட்டு மேரியன் முகத்தில் விழுந்ததற்கும்
நான் விற்பதற்கும்
ஒரே பெயர்.

"யோசித்துச் சொல்கிறேன்."
சொல்ல மாட்டார்கள் என்று பொருள்.

ஜூலையில் அந்தப் பக்கம் போனேன்.
முளையடித்து, நூல் கட்டி,
தள்ளுவண்டியில் மண் கொட்டிக்கொண்டிருந்தார் மேரியன்.
வேலியோரம் ஹாக்கின்ஸ் வாய்க்கால் வெட்டுகிறார்,
அரையடி தன் நிலத்திலேயே விட்டுக்கொடுத்து.
எனக்கு பெரிஸ்பர்கில் வேலை காத்திருந்தது.
நிறுத்தினேன்.
நூலில் குமிழியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்.
"நாலு" என்றேன்.

மேரியன் ஒரு வார்த்தை சொன்னார்,
அவருடைய பாதிரியார் கேட்டிருக்கக் கூடாதது.
வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.
"இரண்டங்குலம் என்ன விலை?"

லாரியில் வேறொருவர் மண் இருந்தது.
கொட்டினேன்.
இருட்டும்வரை மூவரும் மிதித்து இறுக்கினோம்.
ஹாக்கின்ஸுக்கு ஒரு முழங்கால் சரியில்லை,
அந்தக் காலாலும் மிதித்தார்.

அடுத்த வியாழன் இரவு நல்ல மழை.
அது என் வழியில்லை. ஆனாலும் போனேன்.
விளக்கை அணைத்துவிட்டு
வைப்பரை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
சுவரடியில் தண்ணீர் கூடியது. நின்றது.
வீடு மாறியவன்
பழைய நிறுத்தத்தில் இறங்கப் பார்ப்பதுபோல
கொஞ்சம் தடுமாறியது.
பிறகு திரும்பி
நூல் கட்டிய பக்கமாக நடந்தது.

தபாலில் காசோலை வந்தது, தொண்ணூறு டாலர்.
எதற்காக என்ற கோட்டின்மேல் நீல மையில்
'இரண்டு அங்குலம்'.
கேட்டிருந்தால் நான் இருநூறு கேட்டிருப்பேன்.
சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள் என் மனைவி.
டீசல் பங்கில்
சட்டத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.
மாற்றிவிட்டேன்.